காலாவதியான கடன்

'மஞ்சள் கடுதாசி' என்றால் இன்றைய இளைஞர்களில் எத்தனை பேருக்குப் புரியுமோ, தெரியாது. என் சிறு பிராயத்தில் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்ன வார்த்தை அது. கடன்பட்ட ஒருவர், "என்னிடம் ஒன்றுமில்லை, கொடுக்க முடியாது" என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்து, இன்ஸால்வென்ட் ஆகிவிடுவதற்குத்தான் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று பெயர்.

எங்கள் தெருவில் ஒரு ஜவுளி வியாபாரி இருந்தார். அவர் ஒரு நாள் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். நாலைந்து வருஷத்தில் மறுபடியும் தலையெடுத்தார். மாடி வீடும் கட்டினார். அவருக்குப் பழைய நாளில் பணம் கொடுத்து ஏமாந்த ஒருவர் வாசலில் போய் நின்று மெதுவாக ஞாபகப்படுத்தினார். "கோர்ட்டே விட்டுவிட்டது, ஐயா! நீர் ஏன் விடமாட்டேன் என்கிறீர்?" என்று வியாபாரி சிரித்துக்கொண்டே கேட்டாராம். இந்தச் செய்தி எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது என் பாட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "கோர்ட்டு விட்டால் கடன் விட்டுவிடுமா?"

பாட்டி சட்டம் படித்தவளல்ல. ஆனால் அவளுடைய கட்சியை எடுத்துக்கொண்டு கல்கத்தா ஹைகோர்ட்டிலேயே போய் நின்ற ஒரு பாரிஸ்டரைப் பற்றிப் பிற்காலத்தில் படித்தேன். அவர்தான் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ்.

சென்னை நகரில் சித்தரஞ்சன் சாலை இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் சித்தரஞ்சன் என்று ஓர் ஊரே இருக்கிறது. ரயில் எஞ்சின் செய்யும் தொழிற்சாலை 1950-ல் அங்கே ஏற்பட்டது. இப்படிப் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. மனிதரைத்தான் மறந்துவிட்டோம். "காங்கிரஸ் தலைவர், சுயராஜ்யக் கட்சியை ஆரம்பித்தவர்" என்று பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் இரண்டு வரி வருகிறது. அந்த இரண்டு வரிக்குள் அடங்காத ஒரு விஷயத்தையே இங்கே சொல்லப் போகிறேன். அது கடனைப் பற்றியது.

நம்முடைய தமிழில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டல்லவா? கைமாற்றாக வாங்கியதும் கடன்தான். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன்தான். சித்தரஞ்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இந்த இரண்டு பொருளையும் ஒன்றாகவே எண்ணி வாழ்ந்தவர் அவர்.

*

சித்தரஞ்சன் தாஸ் 1870-ஆம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி கல்கத்தாவில் பிறந்தார். பூர்வீகம் கிழக்கு வங்காளத்தில், டாக்காவுக்கு அருகேயுள்ள விக்கிரமபுரியைச் சேர்ந்த தேலிர்பாக் என்னும் கிராமம். தந்தை புவன மோகன தாஸ் ஹைகோர்ட் ஸாலிஸிட்டர். பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். வரவு பெரியதுதான், செலவு அதைவிடப் பெரியது. தம்முடைய செலவு போதாதென்று பிறருடைய பொறுப்பையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார். இப்படிப்பட்டவர்களை ஊர் கொண்டாடும், குடும்பம் திண்டாடும்.

பிள்ளை பிரஸிடென்ஸி கல்லூரியில் பி.ஏ. தேறியதும் 1890-ல் சீமைக்குப் போனார். ஐ.சி.எஸ். ஆகி வரவேண்டும் என்பது உத்தேசம். அது பலிக்கவில்லை. படிக்கப் போன இடத்தில் தாதாபாய் நௌரோஜியின் பார்லிமெண்டுத் தேர்தலுக்காக மேடையேறிப் பிரசங்கம் செய்தார். கடைசியில் கலெக்டராக வராமல் பாரிஸ்டராகத் திரும்பி வந்தார். ஒரு நல்ல கலெக்டரைச் சர்க்கார் இழந்தது என்று யாராவது அப்போது வருத்தப்பட்டிருந்தால், பின்னால் அந்த வருத்தத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ள நியாயம் இருந்தது.

தொழிலில் ஆரம்ப வருஷங்கள் மிகவும் கஷ்டமானவை. பெயரில்லாத பாரிஸ்டரிடம் கட்சிக்காரர்கள் வருவார்களா? கவிதை எழுதினார். வெளியூர்க் கோர்ட்டுகளுக்கு அலைந்தார். இதற்கிடையில் தந்தையின் கடன் வளர்ந்துகொண்டே போயிற்று. கடன் பத்திரங்களில் மகனும் கையெழுத்துப் போட்டிருந்தார். முடிவில் 1906-ஆம் வருஷம் தந்தையும் மகனும் இன்ஸால்வென்ட் ஆனார்கள். தாம் வாதாட வேண்டிய அதே ஹைகோர்ட்டில் "என்னால் கொடுக்க முடியாது" என்று எழுதிக் கொடுத்த பாரிஸ்டர், மறுநாள் அதே படிகளில் ஏறிப் போகவேண்டும். அந்தப் படிகள் எத்தனை உயரமாக இருந்திருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

*

இரண்டு வருஷம் சென்றது. 1908-ஆம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி இரவு, முஸாபர்பூரில் ஒரு குதிரை வண்டியின் மீது வெடிகுண்டு விழுந்தது. கிங்ஸ்போர்டு என்ற ஜட்ஜைக் குறி வைத்து எறிந்த குண்டு. வண்டியிலிருந்த இரண்டு ஆங்கிலப் பெண்மணிகள் மாண்டார்கள். உடனே கல்கத்தாவில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. மாணிக்தலா தோட்டத்தில் குண்டு தயாரித்த இளைஞர்கள் பிடிபட்டார்கள். அவர்களின் தலைவர் வாரீந்திர கோஷ். அவருடைய அண்ணா அரவிந்தரும் மே 2-ந் தேதி கைதானார். ராஜாவுக்கு எதிராக யுத்தம் செய்யச் சதி என்பது குற்றச்சாட்டு. நிரூபணமானால் தூக்கு மரம் வரையில் போகும்.

சர்க்கார் தரப்பில் வாதாட வந்தவர் யார் தெரியுமா? நம் சென்னையில் புகழ் பெற்ற பாரிஸ்டர் எர்ட்லி நார்ட்டன்! 1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையிலே இந்தியர்களின் பக்கம் நின்று பேசிய அதே நார்ட்டன்தான். அவருக்கு நாள் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் பீஸ் என்று கல்கத்தாவில் பேச்சு. வழக்கு நடந்தபோது மேஜைமேல் தோட்டா போட்ட ரிவால்வரை வைத்துக்கொண்டு வாதாடினாராம். அது வெறும் ஜம்பமல்ல. அப்ரூவராக மாறிய ஒருவனைச் சிறைக்குள்ளேயே அவனுடைய சகாக்கள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். வழக்கு நடக்கும் போதே, 1909 பிப்ரவரியில், பப்ளிக் பிராஸிக்யூட்டர் ஆசுதோஷ் விசுவாஸும் சுடப்பட்டு இறந்தார்.

அரவிந்தர் தரப்பில் முதலில் வேறு வக்கீல்கள் வாதாடினார்கள். பொதுஜனங்களிடம் திரட்டிய பணம் வேகமாகக் கரைந்து போயிற்று. இன்னும் நூற்றுக்கணக்கான சாட்சிகள் பாக்கி. பணம் தீர்ந்து போனால் பெரிய வக்கீல்களுக்கு வேறு ஜோலி வந்துவிடும். அது உலக இயல்பு. அந்தச் சமயத்தில்தான் சித்தரஞ்சர் வழக்கை எடுத்துக்கொண்டார்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கதாநாயகன் கோடீசுவரனாக இருந்து தர்மத்துக்கு வழக்காடினால் அதில் விசேஷம் ஒன்றுமில்லை. இந்த மனிதரோ இன்ஸால்வென்ட். வீட்டில் மனைவி வாசந்தி தேவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். அப்படியிருந்தும் மற்ற வழக்குகளை ஒதுக்கி வைத்துவிட்டு, கூலியில்லாத வேலைக்கு மாதக் கணக்கில் இரவும் பகலும் உழைத்தார். என் கதையில் இப்படி எழுதினால், "இதெல்லாம் நடக்கக்கூடியதா?" என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள்.

வழக்கில் 206 சாட்சிகள் விசாரிக்கப்பட்டார்கள். தஸ்தாவேஜுகள் நாலாயிரம். குண்டு, துப்பாக்கி, ரசாயனப் புட்டி என்று ஆஜரான சாமான்கள் ஐயாயிரம். இத்தனைக்கும் நடுவில் நார்ட்டன் பெரிதாக நம்பியது ஒரு சிறு கடிதத்தை. தம்பி வாரீந்திரர் அண்ணாவுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. இந்தியா முழுவதும் 'மிட்டாய்' தயாராக இருக்கவேண்டும் என்று அதில் ஒரு வாசகம். மிட்டாய் என்றால் வெடிகுண்டு என்பது நார்ட்டனின் வியாக்கியானம். அண்ணாவுக்குச் சதி தெரியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

சித்தரஞ்சர் சட்டப் புஸ்தகத்தை எடுக்கவில்லை. வங்காளிக் குடும்பத்தின் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். கடிதம் இங்கிலீஷ்காரன் பாணியில் 'அன்புள்ள சகோதரா' என்று ஆரம்பித்து, முழுப் பெயர்க் கையெழுத்தோடு முடிகிறது. எந்த வங்காளித் தம்பியாவது தன் அண்ணாவுக்கு இப்படி எழுதுவானா? மூன்றாவது அண்ணாவைச் 'சேஜ்தா' என்று அழைப்பதல்லவா அங்கே முறை? தவிர, கடிதத்தின் தேதியில் அண்ணா, தம்பி இருவருமே சூரத் காங்கிரஸுக்குப் போய் ஒரே ஊரில் இருந்தார்கள். எழுந்து போய் நேரில் சொல்லக்கூடிய ரகசியத்தை யாராவது காகிதத்தில் எழுதி வைப்பார்களா? நம் ஊரிலும் தம்பி அண்ணாவுக்கு, 'அநேக நமஸ்காரம்' இல்லாமல் முழு இனிஷியலோடு கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினால், போலீஸ் வேண்டாம், அம்மாவே அது கள்ளக் கடிதம் என்று கண்டுபிடித்துவிடுவாள்!

விசாரித்த ஜட்ஜு பீச்கிராப்ட், கேம்பிரிட்ஜில் அரவிந்தரோடு ஒரே காலத்தில் படித்தவர், ஐ.சி.எஸ். பரீட்சையில் கிரேக்க பாஷையில் அரவிந்தருக்குப் பின்னால் வந்தவர். சித்தரஞ்சரின் முடிவுரை பல நாள் நடந்தது. 'இந்தச் சச்சரவெல்லாம் ஓய்ந்து போய் வெகு காலத்துக்குப் பிறகும் என் கட்சிக்காரரைத் தேசபக்தியின் கவி என்று உலகம் நினைக்கும்' என்ற கருத்துப்பட முடித்தார். 1909 மே 6-ந் தேதி தீர்ப்பு. 'மிட்டாய்க் கடித'த்தை ஜட்ஜு நம்பவில்லை. அரவிந்தர் விடுதலையானார். தூக்குத் தண்டனை பெற்ற வாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்தருக்கும் ஹைகோர்ட் அப்பீலில் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அப்பீலையும் சித்தரஞ்சரே நடத்தினார்.

சில நாள் கழித்து உத்தரபாராவில் பேசிய அரவிந்தர், தம்மைக் காப்பதற்காகத் தொழிலைத் துறந்து, பாதி ராத்திரி வரை கண் விழித்து, உடம்பைக் கெடுத்துக்கொண்ட நண்பரை நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

*

அலிப்பூர் வழக்கினால் சித்தரஞ்சருக்குப் பணம் வரவில்லை, பெயர் வந்தது. பெயரின் பின்னால் பணம் வந்தது. ஜமீன்தார்களும் ராஜாக்களும் தேடி வந்தார்கள். சில வருஷங்களில் கல்கத்தாவின் முதல் வரிசைப் பாரிஸ்டர்களில் ஒருவரானார்.

இப்போது எங்கள் தெரு ஜவுளி வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்ஸால்வென்ட் என்று கோர்ட்டு சொல்லியாயிற்று. பழைய கடன்கள் காலாவதியும் ஆகிவிட்டன. யாரும் ஒரு தம்படி கேட்க முடியாது. சித்தரஞ்சர் 1913-ஆம் வருஷம், கடன் கொடுத்தவர்களையெல்லாம் தேடிக் கணக்குத் தீர்த்தார். பிறகு கோர்ட்டில், "எங்களை இன்ஸால்வென்ட் என்று சொன்ன உத்தரவை ரத்து செய்யவேண்டும்; கடனெல்லாம் கொடுத்தாகிவிட்டது" என்று மனுப் போட்டார். இப்படி ஒரு மனு வருமென்று ஹைகோர்ட் எதிர்பார்த்திருக்கவில்லை. மனுவைக் கேட்ட ஜட்ஜு பிளெட்சர் வியந்து பாராட்டினார்.

இன்ஸால்வென்ட் என்ற பெயரோடு கண்ணை மூடவேண்டாமல் புவன மோகனரைப் பிள்ளை மீட்டுவிட்டார். புத்திரன் பட்ட கடனைத் தகப்பன் தீர்ப்பது உலக வழக்கு. தகப்பன் பட்ட கடனை, அதுவும் சட்டம் தள்ளுபடி செய்த கடனை, புத்திரன் தேடிப் போய்த் தீர்த்தது அபூர்வந்தான்.

*

1920 டிசம்பரில் நாகபுரியில் காங்கிரஸ் கூடியது. காந்தி மகாத்மாவின் ஒத்துழையாமையை எதிர்ப்பதற்காகச் சித்தரஞ்சர் சொந்தச் செலவில் ஒரு பெரிய வங்காளப் படையையே திரட்டிக்கொண்டு போனார். அங்கே இருவரும் கலந்து பேசினார்கள். எதிர்க்கப் போனவர் ஒத்துழையாமைத் தீர்மானத்தைத் தாமே பிரேரேபித்துவிட்டுத் திரும்பினார்!

'பிரேரேபித்ததோடு சரி, பாரிஸ்டர் தொழிலை விடமாட்டார்' என்று சிலர் நினைத்தார்கள். கல்கத்தா வந்ததும் தொழிலை விட்டார். வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வந்த வருமானம் ஒரே நாளில் நின்றது. 1921-ல் ஐ.சி.எஸ். பதவியை உதறிவிட்டு வந்த ஓர் இளைஞர் அவரைத் தலைவராக வரித்துக்கொண்டார். அந்த இளைஞர் பெயர் சுபாஷ் சந்திர போஸ்.

அந்த வருஷம் டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வருகையைப் பகிஷ்கரிக்கும் கிளர்ச்சி நடந்தது. தடையை மீறிக் கதர் விற்கத் தொண்டர்கள் தெருவுக்குப் போகவேண்டும். ஊரார் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புமுன், சித்தரஞ்சர் தம் ஒரே பிள்ளை சிரரஞ்சனை அனுப்பினார். அடுத்தாற்போல் வாசந்தி தேவியும், சித்தரஞ்சரின் சகோதரி ஊர்மிளா தேவியும் தெருவில் இறங்கிக் கைதானார்கள். நகரமே கொதித்தெழுந்தது. அன்றிரவே சர்க்கார் பெண்களை விட்டுவிட்டது. மூன்று நாளைக்கெல்லாம் சித்தரஞ்சரே கைதாகி ஆறு மாதத் தண்டனை பெற்றார். அந்த வருஷம் ஆமதாபாத் காங்கிரஸின் தலைவர் ஸ்தானம் அவருக்குரியது. தலைவர் சிறையில், ஹக்கீம் அஜ்மல் கான் அவருக்குப் பதிலாக வீற்றிருந்தார்.

தியாகத்தைப் பற்றிப் பேசும்போது நாம் வீட்டிலிருப்பவர்களை மறந்துவிடுகிறோம். வருமானத்தைத் துறந்தவர் சித்தரஞ்சர். வருமானமில்லாத வீட்டை நடத்தியவர் வாசந்தி தேவி. அந்தக் கணக்கை எழுதி வைத்தவர் யாருமில்லை.

வெளியே வந்தவர், 'சட்டசபைகளைப் பகிஷ்கரித்துவிட்டு வெளியே நிற்பானேன்? உள்ளே புகுந்தே முட்டுக்கட்டை போடுவோம்' என்றார். 1922-ல் அவரே தலைமை வகித்த கயை காங்கிரஸில் அந்த யோசனை தோற்றது. எதிர்த்து நின்று ஜயித்தவர் நம் ராஜாஜி. தலைவர் சித்தரஞ்சர் ராஜிநாமாச் செய்துவிட்டு, மோதிலால் நேருவுடன் சேர்ந்து சுயராஜ்யக் கட்சியை ஆரம்பித்தார். கட்சிக்கு ஆதரவு தேடி 1923-ல் தென்னாட்டுக்கு வந்தபோது புதுச்சேரிக்கும் போய், தாம் தூக்கு மரத்திலிருந்து காப்பாற்றிய பழைய நண்பர் அரவிந்தரைக் கண்டார். கட்சிக்காரர் யோகியாகிவிட்டிருந்தார், வக்கீலோ பக்கிரியாகிவிட்டிருந்தார்.

அவ்வருஷத் தேர்தலில் வங்காளச் சட்டசபையில் சுயராஜ்யக் கட்சி பெருங்கட்சியாயிற்று. மந்திரிசபை அமைக்கும்படி கவர்னர் அழைத்தார். சித்தரஞ்சர் மறுத்துவிட்டு, மறு வருஷம் மந்திரிகளின் சம்பளத்தையே சட்டசபையில் தோற்கடித்தார். 1924-ல் கல்கத்தாவின் மேயரானார். 1925 ஜனவரியில், விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் மசோதா வந்தபோது நோய்வாய்ப்பட்டிருந்த அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்துச் சட்டசபைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மசோதா தோற்றது.

*

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கடன் ஒன்றை அவர் தலையில் ஏற்றுக்கொண்டார். வங்காள மாகாணத்தில் அப்போது முஸ்லிம்களே தொகையில் அதிகம். படிப்பிலும் உத்தியோகத்திலும் நிலத்திலும் மேலே இருந்தவர்களோ ஹிந்துக்கள். 'சுயராஜ்யம் வந்தால் எங்களுக்கு என்ன?' என்று முஸ்லிம்கள் கேட்டார்கள். 1923 டிசம்பரில் சித்தரஞ்சர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். சுயராஜ்யம் வந்ததும் சர்க்கார் உத்தியோகங்களில் நூற்றுக்கு 55 அவர்களுக்கு. அந்த அளவு எட்டும்வரை புதிய நியமனங்களில் நூற்றுக்கு 80. ஸ்தல ஸ்தாபனங்களில் அந்தந்த ஜில்லாவில் பெரும்பான்மையினருக்கு நூற்றுக்கு 60.

வங்காளத்தில் பெரும் புயல் கிளம்பியது. பத்திரிகைகள் தூற்றின. பல வருஷ நண்பர்கள் விலகினார்கள். காக்கிநாடா காங்கிரஸ் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அப்படியும் 1924-ல் ஸிராஜ்கஞ்சில் கூடிய மாகாண மகாநாட்டில் வாதாடி நிறைவேற்றினார். அதிலே குறைகள் உண்டு. தனித் தொகுதியை ஒப்புக்கொண்டது சரியா என்று நியாயமாகவே கேட்கலாம். ஆனால் அவர் நெஞ்சில் ஓடிய கணக்கு எனக்கு விளங்குகிறது. சட்டப்படி கேட்க முடியாத கடனும் கடன்தான். மேலே இருப்பவன் தானாக முன்வந்து தீர்க்கவேண்டியதுதான். 1913-ல் குடும்பத்துக்காகச் செய்ததையே 1923-ல் ஒரு சமூகத்துக்காகச் செய்யப் பார்த்தார்.

அந்தக் கடனைத் தீர்க்க அவருக்கு ஆயுசு இல்லை. 1925 ஜூன் 16-ந் தேதி டார்ஜிலிங்கில் காலமானார். வயது 54. கல்கத்தாவில் நடந்த இறுதி ஊர்வலத்தில் காந்தி மகாத்மா முன்னின்றார். கண்ணுக்கெட்டிய தூரம் ஜனத்திரள். ரஸ்ஸா ரோட்டிலிருந்த தம் வீட்டை அவர் உயிரோடிருக்கும் போதே தேசத்துக்கு எழுதி வைத்துவிட்டார். அந்த வீட்டின்மேலும் கடன் இருந்தது! ஞாபக நிதிக்குப் பத்து லட்சம் வேண்டுமென்று காந்திஜி ஜனங்களிடம் கேட்டு வசூலித்தார். அதன் பயனாக 1926-ல் அங்கே பெண்களுக்கான ஆஸ்பத்திரியாக, சித்தரஞ்சன் சேவா சதனம் ஏற்பட்டது. தந்தையின் கடனை மகன் தீர்த்தார். மகனுடைய கடனை ஜனங்கள் தீர்த்தார்கள்.

ஒப்பந்தக் கடனை மட்டும் யாரும் தீர்க்கவில்லை. அதே 1926-ல் கிருஷ்ணநகர் மகாநாட்டில் அவருடைய வாரிசுகளே ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார்கள். அதாவது, மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்கள். பிரிவினையின் முதல் வித்து அங்கேதான் விழுந்தது என்று மௌலானா ஆஸாத் பின்னாளில் எழுதினார். ஒரே ஒரு காரணத்தால் தேசம் பிளந்துவிட்டது என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அவர் இருந்திருந்தாலும் வேறு விதமாக நடந்திருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஆனால் 1947-ல் வங்காளம் இரண்டாயிற்று. தேலிர்பாக் கிராமம் இருக்கும் விக்கிரமபுரி பாகிஸ்தானுக்குப் போயிற்று. 1971-க்குப் பிறகு வங்கதேசத்தில் இருக்கிறது. 1974 வரை வாழ்ந்த வாசந்தி தேவி இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

சித்தரஞ்சன் சாலை வழியாகப் போகும்போதெல்லாம், எனக்குப் பாரிஸ்டரின் பிரசங்கங்கள் ஞாபகத்துக்கு வருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டியின் குரல்தான் வருகிறது. "கோர்ட்டு விட்டால் கடன் விட்டுவிடுமா?"

விடுவதில்லை. நாம் கொடுக்காமல் போனால், நமக்குப் பின்னால் வருகிறவர்களிடம் அது வட்டியோடு வசூலித்துக்கொள்கிறது.